தொடாக் காஞ்சியும் பேய்க்காப்பு வழக்குகளும்

தென்னிந்திய வழக்குகளைத் தொகுத்த எட்கர் தர்ஸ்டனின் 1912ஆம் ஆண்டு நூல், பேய்க்காப்பு முதலியவற்றைத் தலைப்பிலேயே மூடநம்பிக்கை என்று முத்திரையிடுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலோ, புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பதைத் ‘தொடாக் காஞ்சி’ எனத் துறையாக்குகிறது. அரிசில்கிழாரின் புறநானூற்றுப் பாடலில் (281) வீட்டில் வேம்பும் இரவமும் செருகி, ஐயவி எனும் வெண்சிறுகடுகு தூவி, மணியொலித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பிக் காப்பதற்குத் தலைவி தோழியையும் அழைக்கிறாள். இலக்கணம் மனைவிக்கு வகுத்த கடமை, பாடலில் பெண்கள் பகிர்ந்துகொள்ளும் பணியாக விரிகிறது. அச்சத்தை மட்டும் காணும் ‘மூடநம்பிக்கை’ என்னும் சொல் இப்பேணலை மறைத்துவிடுகிறது. கடுகு, உப்பு, மிளகாய் சுற்றிப்போடும் வழக்கை காட்டுப்பள்ளி போன்ற கடலோர ஊர்களில் ஆராய்வோர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பதோடு, யார் யாரைக் காக்கின்றனர் என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.