விமானத்தில் காயம்: மான்ட்ரியல் உடன்படிக்கை தருவதும் மறுப்பதும்

பன்னாட்டு விமானப் பயணத்தில் காயமடைந்தவர் விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கும் உரிமை, பெரும்பாலான நாடுகளில், 1999 மே 28 அன்று கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையிலிருந்து வருகிறது. 2003 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்து, 1972ஆம் ஆண்டு வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தை அதற்கேற்பத் திருத்தியது. ஒரு பயணம் பன்னாட்டுப் பயணமா என்பதை முடிவு செய்வது டிக்கெட்தான். மதுரையிலிருந்து சென்னை வழியாக லண்டனுக்கு ஒரே டிக்கெட்டில் போகிறவர் மதுரை–சென்னை விமானத்தில் அடிபட்டாலும் அவருக்கு இந்த உடன்படிக்கையே பொருந்தும். பக்கத்து இருக்கையில் சென்னை வரை மட்டும் வருபவருக்கு உள்நாட்டு விதிகள்.

இதற்கு முந்தைய 1929ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கை, ஒரு பயணிக்கு 1,25,000 பிராங்க், அதாவது சுமார் 8,300 டாலர், என்று உச்சவரம்பு வைத்திருந்தது. அதைத் தாண்டிப் பெற வேண்டுமானால், நிறுவனம் தெரிந்தே தவறிழைத்தது என்று பயணி நிரூபிக்க வேண்டும். அன்றைக்கு இளம்பயிராக இருந்த விமானத் தொழிலுக்குப் போட்ட வேலி அது. பயிர் மரமான பிறகும் பல பத்தாண்டுகள் வேலியை யாரும் எடுக்கவில்லை.

மான்ட்ரியல் உடன்படிக்கையின் பெரிய சாதனை இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியதுதான். விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நேர்ந்த விபத்தால் உடலில் காயம் பட்டது என்று காட்டினால் போதும். நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை பயணிக்கு இல்லை. இப்போதைய வரம்பான 1,51,880 எஸ்.டி.ஆர். வரையிலான இழப்புக்கு, தன்மேல் தவறில்லை என்று சொல்லி நிறுவனம் விலக முடியாது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இந்த வரம்பு ஏறத்தாழ 2 லட்சம் அமெரிக்க டாலருக்குச் சமம். இழப்பு அதற்கும் மேல் போனால், மேற்பட்ட தொகைக்கு மட்டும் தன் கவனக்குறைவு காரணமல்ல என்றோ, முழுக்க வேறொருவரின் தவறே காரணம் என்றோ நிறுவனம் நிரூபித்து விலகலாம். அப்போதும் நிரூபிக்க வேண்டியது நிறுவனமே. 1999இல் 1,00,000 ஆக இருந்த வரம்பு, விலைவாசிக்கு ஏற்ப 2009, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் உயர்த்தப்பட்டது. பணவீக்கம் உரிமையைத் தின்றுவிடாமல் காக்கும் இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்க்யூ 321 விமானத்தில் பார்க்கலாம். 211 பயணிகளும் 18 பணியாளர்களும் இருந்த அந்த போயிங் 777, மியன்மார் வான்பரப்பில் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. முதற்கட்ட விசாரணை அறிக்கையின்படி, சீட் பெல்ட் விளக்கு போடப்பட்டதாக விமானி சொன்ன 8 விநாடிகளில் பேரதிர்ச்சி வந்தது. 0.6 விநாடிக்குள் விசை மாறியதில் பெல்ட் போடாதவர்கள் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். 73 வயது பயணி ஒருவர் இறந்தார். பலருக்கு முதுகெலும்பில் அடி. அந்தக் கொந்தளிப்பை விமானிகள் முன்கூட்டியே கண்டிருக்க முடியுமா என்று வாதாடுவது பயணியின் வேலையாக இருந்திருந்தால், வானிலை ரேடார் பதிவுகளுக்கும் நிபுணர்களுக்குமே அவருடைய சேமிப்பு கரைந்திருக்கும். நிறுவனம் ஜூன் மாதமே லேசான காயம் பட்டவர்களுக்கு 10,000 டாலர் தர முன்வந்தது. நீண்டகால சிகிச்சை தேவைப்பட்டவர்களுக்கு 25,000 டாலர் முன்பணம் அறிவித்தது. இவ்வளவு விரைவில் பணம் பேசப்பட்டதற்கு நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல. தப்ப வழியில்லாத சட்டப் பொறுப்பும் பின்னால் இருந்தது.

ஆனால் வரம்புத்தொகையை உறுதியான தொகையாக எண்ணி ஏமாறுகிறவர்கள் பலர். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் விபத்துக்குள்ளாகி 158 பேர் இறந்த பிறகு, ஒரு லட்சம் எஸ்.டி.ஆர். குறைந்தபட்ச இழப்பீடு என்று கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அது குறைந்தபட்சத் தொகை அல்ல என்று டிவிஷன் அமர்வு அதை மாற்றியது. இழப்பை ரூபாய்க் கணக்கில் நிறுவும் பொறுப்பு பயணியிடமே இருக்கிறது. மருத்துவமனை பில், ஸ்கேன் அறிக்கை, சம்பளச் சான்று ஆகியவை இல்லாதவருக்கு இந்தப் பெரிய எண் வெறும் எண்தான். பயணியின் கவனக்குறைவும் காயத்துக்குக் காரணம் என்று நிறுவனம் காட்டினால், அந்த அளவுக்குத் தொகை குறையும். விளக்கு எரிந்தும் பெல்ட் போடாதவருக்கு எதிராக முதலில் எழும் வாதம் அதுவே.

அடுத்த சிக்கல் 'விபத்து' என்ற நிபந்தனை. உடன்படிக்கை அதற்கு விளக்கம் தரவில்லை. பயணிக்கு வெளியே நடந்த, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வே விபத்து என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் வகுத்தது. விமானம் வழக்கம்போல் தரையிறங்கியபோது ஒரு காதின் கேட்கும் திறனை இழந்த பயணிக்கு அந்த வழக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம், தந்தையின் முன்னிருந்த சூடான காபி சாய்ந்து சிறுமி வெந்ததை விபத்தாக ஏற்றது; விமானப் பறப்புக்கே உரிய ஆபத்தாக அது இருக்க வேண்டியதில்லை என்றது. அதே நீதிமன்றம் 2021இல், விமானத்தின் இயக்க வரம்புகளுக்கு உட்பட்ட கடினமான தரையிறக்கத்தில் முதுகெலும்பு வட்டு நழுவியதாகச் சொன்ன பயணியிடம், அது விபத்தே அல்ல என்றது. காயம் பட்ட உடலுக்கு இந்த வேறுபாடு புரியாது. இயந்திரத்தின் வரம்பை மனித உடலின் வரம்பாகக் கொண்ட அந்தத் தீர்ப்பு பயணிக்கு நியாயமானதல்ல.

மனக்காயத்தில் நீதிமன்றங்களே பிரிந்து நிற்கின்றன. என்ஜின்கள் மூன்றும் நின்று, விமானம் கடலில் இறங்கப்போகிறது என்று அறிவிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் தப்பிய பயணிகளுக்கு, உடற்காயம் இல்லாததால் இழப்பீடு கிடையாது என்று 1991இல், வார்சா உடன்படிக்கையின் கீழ், அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவச் சான்றோடு, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருக்கும் மனக்காயமும் உடற்காயத்துக்கு நிகரே என்று 2022இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்றது. பிந்தையதே மருத்துவத்துக்கும் மனிதத்துக்கும் பொருந்துவது.

இதனால் எங்கே வழக்குப் போடுவது என்பது முக்கியமாகிறது. நிறுவனத்தின் தலைமையிடம், டிக்கெட் வாங்கிய இடம், சேருமிடம் ஆகியவற்றோடு, நிறுவனம் அங்கே சேவை நடத்தினால் பயணி நிரந்தரமாக வசிக்கும் நாட்டிலும் வழக்குப் போடலாம். ஏழைப் பயணிக்கு இது உண்மையான உதவி. ஆயினும் இழப்பை அளப்பது அந்தந்த நாட்டு நீதிமன்றம் என்பதால், ஒரே விமானத்தில் ஒரே மாதிரி முதுகெலும்பு முறிந்த இருவருக்கு, வசிக்கும் நாட்டைப் பொறுத்துப் பல மடங்கு வேறுபட்ட தொகை கிடைக்கலாம். உடன்படிக்கை பொறுப்பை ஒன்றாக்கியது; மதிப்பை ஒன்றாக்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது காலக்கெடு. சேருமிடத்தை அடைந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அழிந்துபோகும். 2016 டிசம்பரில் டெல் அவிவ்–வியன்னா விமானத்தில் காபிக் குடுவை விழுந்து வெந்த ஒருவர், விமானத்தில் கொடுத்த முதலுதவி சரியில்லாததால் காயம் மோசமானது என்று 2019 மே மாதம் வழக்குப் போட்டார். முதலுதவி தனி விஷயம், அதற்கு ஆஸ்திரியச் சட்டத்தின் 3 ஆண்டு கெடு பொருந்தும் என்பது அவர் வாதம். 2023இல் ஐரோப்பிய நீதிமன்றம், முதலுதவிக் குறையும் அந்த விபத்தின் பகுதியே என்றது. 'விபத்து' என்பதை விரித்துப் பொருள்கொண்ட அதே தீர்ப்பால் உடன்படிக்கையின் 2 ஆண்டுக் கெடு பொருந்தி, அவருடைய உரிமை போயிற்று. தண்டுவடக் காயங்களின் முழு விளைவு தெரியவே சில சமயம் இரண்டு ஆண்டுகள் ஆகிவிடும். காயத்தின் தன்மை தெரிந்த நாளிலிருந்து எண்ணும்படி இந்த விதி திருத்தப்பட வேண்டும்.

திருத்தம் வரும்வரை காயம் பட்டவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நிறுவனத்தோடு கடிதமும் மின்னஞ்சலும் எழுதிக்கொண்டிருப்பது இந்தக் கெடுவை நிறுத்தாது. நீதிமன்றத்தில் மனு பதிவான தேதியே கணக்கில் வரும்.