பழைய இசைத்தட்டைப் பார்த்தும் கேட்டும் மதிப்பிடல்

பழைய இசைத்தட்டின் தரத்தைக் கணிப்பது வணிகரின் வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அந்தக் கணிப்புக்கு வேண்டிய கண்ணும் காதும் பழகிவிட்டால், ஒரு தட்டில் பாடகர் விட்டுச்சென்றது எது, அதை வைத்திருந்தவர்கள் விட்டுச்சென்றது எது என்று பிரித்தறிய முடிகிறது. தட்டிலிருந்து எழும் இரைச்சல் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. கழுவினால் போவது உண்டு; எத்தனை முறை கழுவினாலும் போகாதது உண்டு; தட்டு அச்சானபோதே உடன் பிறந்ததும் உண்டு. இம்மூன்றையும் வேறுபடுத்தத் தெரிந்தவருக்கே பழைய தட்டு முழுமையாகக் கேட்கிறது.

தட்டு எப்பொருளால் ஆனது என்பது முதற்கேள்வி. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள், அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினோடு கற்பொடியும் புகைக்கரியும் கலந்து, சூடாக்கி அழுத்தி வார்க்கப்பட்டவை. கிராமபோன் கம்பெனி இத்தகைய தட்டுகளை அச்சிடும் ஆலையை 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொடங்கி, 1928இல் டம்டமுக்கு மாற்றியது. 1948இல் அமெரிக்காவில் 33⅓ சுற்று நெடுந்தட்டும், அடுத்த ஆண்டு 45 சுற்றுச் சிறுதட்டும் வினைல் என்னும் நெகிழியில் வெளிவந்த பிறகும் இந்தியாவில் அரக்குத் தட்டு எளிதில் மறையவில்லை. 1960களில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இங்கே 78 சுற்றில் அச்சாயின என்பதால், அந்தத் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர். அரக்குத் தட்டின் பள்ளம் வினைல் தட்டின் பள்ளத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. ஆகவே நெடுந்தட்டுக்குரிய ஊசியை அதில் வைத்தால், ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியை உரசிக்கொண்டு ஓடுமேயன்றிச் சுவர்களைத் தொடாது. குறை தட்டினுடையது என்று கேட்பவர் தவறாக முடிவு கட்டிவிடுவார்.

கண்ணால் கணிப்பதற்குப் பரவலான குழல்விளக்கு வெளிச்சம் உதவாது. ஒரே இடத்திலிருந்து விழும் கூர்மையான ஒளியில், தட்டை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். மயிரிழைக் கீறல்கள் ஒளியில் தெரிந்தாலும் பெரும்பாலும் காதுக்கு எட்டுவதில்லை. விரல்நகத்துக்குத் தட்டுப்படும் கீறலோ தவறாமல் கேட்கும். பள்ளங்களுக்குக் குறுக்கே ஓடும் கீறல் சொடுக்கை உண்டாக்கும். பள்ளத்தின் போக்கிலேயே சாய்வாக ஓடும் கீறல் அதைவிடக் கெடுதலானது. அது ஊசியை வந்த வழிக்கே திருப்பிவிடுவதால் ஒரே அடி மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. சொன்னதையே சொல்பவரைக் கீறல் விழுந்த ரிக்கார்டு என்று தமிழர் கேலி செய்வது இதைக் கொண்டே. நடுத்துளையைச் சுற்றி லேபிளின் மேல் காணும் மெல்லிய கோடுகளையும் கவனிக்க வேண்டும். சுழல்தண்டைத் துளைக்குள் செலுத்தத் தடவித் தேடிய கைகள் இட்ட கோடுகள் அவை. மேற்பரப்பு பளபளத்தாலும் லேபிளில் அக்கோடுகள் மண்டியிருந்தால் தட்டு மிகுதியாக ஓடியிருக்கிறது என்றே கொள்ளலாம். அரக்குத் தட்டிலோ கருமை மங்கிச் சாம்பல் நிறம் படர்வதே தேய்வின் அறிகுறி.

தமிழ்நாட்டுத் தட்டுகளில் மற்றொரு சான்றும் கிடைக்கும். உறையிலோ லேபிளிலோ சவுண்ட் சர்வீஸ் ஒன்றின் முத்திரையும் வரிசை எண்ணும் இருந்தால், அத்தட்டு கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் குழாய் ஒலிபெருக்கிக்காகச் சுழன்றது என்று பொருள். கனத்த ஊசிமுனை அதன் பள்ளங்களை உழுதிருக்கக்கூடும் என்பதால் விலை குறையும். ஆனாலும் ஓர் ஊரின் பல முகூர்த்தங்களைப் பார்த்துவந்த அத்தகைய தட்டை, விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒதுக்குவது நல்ல ரசனையாகாது.

அடுத்தது செவி. 33⅓ சுற்றுத் தட்டு ஒரு முறை சுழல 1.8 நொடி ஆகிறது; சொடுக்கு ஒன்று அந்த இடைவெளியில் ஒழுங்காகத் திரும்பினால் அது கீறல். ஒழுங்கின்றி, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சிதறிக் கேட்டால் பெரும்பாலும் தூசியோ பூஞ்சணமோதான். அதைக் கழுவி நீக்க முடியும். உரத்த இடங்களில் மட்டும் குரல் கரகரத்து, மெல்லிய இடங்களில் தெளிந்தால், பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை. தேய்வைச் சோதிக்க வேண்டிய இடம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. நெடுந்தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசியின் கீழ் ஓடும் பள்ளம், லேபிளை நெருங்கும்போது 20 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுவதால், அதே ஒலியலைகள் அங்கே நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. சகர, ஸகர ஒலிகள் அங்கே சீறாமல் வந்தால், அத்தட்டு நல்ல வீட்டில் வாழ்ந்தது எனலாம்.

இவ்வாறு கண்டதையும் கேட்டதையும் சுருக்கிச் சொல்லும் தரச்சொற்களை அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் பரப்பியது. குறையே இல்லாதது மின்ட். அதற்கு அடுத்தது நியர் மின்ட். பின்னர் வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று படிகள் இறங்குகின்றன. குட் என்ற சொல் இந்தச் சந்தையில் மோசம் என்றே பொருள்படுகிறது என்பதைப் புதியவர்கள் பணம் கொடுத்த பிறகே அறிகின்றனர். நியர் மின்ட் விலையில் பாதி வெரி குட் பிளஸ்ஸுக்கும் கால்பங்கு வெரி குட்டுக்கும் என்பது அந்த அளவுகோலின் வழக்கமான கணக்கு. தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியே தரம் சொல்வது முறை; உள்ளிருக்கும் தட்டின் வடிவம் அட்டையில் வட்டமாகத் தேய்ந்து தெரிவதும், ஓரம் பிளந்திருப்பதும் உறையின் குறைகள். வெப்பத்தில் தட்டு நெளிந்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

தரம் சொல்வதற்கு முன்பே தட்டைக் கழுவிவிட வேண்டும், ஏனெனில் அழுக்கோடு கணிப்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அநீதி. வினைல் தட்டுக்கு வாலைவடி நீரில் மென்மையான சோப்புத் திரவம் சில துளிகளும், வேண்டுமானால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்து, லேபிள் நனையாதவாறு, பள்ளத்தின் வட்டப்போக்கிலேயே மெல்லிய தூரிகையால் துடைத்து, வேறு வாலைவடி நீரில் அலசி உலர்த்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் அலசினால், காய்ந்தபின் உப்பு பள்ளத்திலேயே தங்கி புதிய இரைச்சலாகிவிடும். அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹாலின் வாடையே படக்கூடாது. மரச்சாமான்களுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போடும் தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தே பூசுகின்றனர் என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். தூய்மை செய்யப்போனவர் தட்டையே பாலிஷாக்கிவிடுவார். மரவேலைப் பசையைப் பூசி, உலர்ந்ததும் தோலாக உரித்தெடுக்கும் முறை வினைலில் பலன் தருவது உண்மையே. என்றாலும், அரைகுறையாகக் காய்ந்த பசை பள்ளத்திலேயே தங்கிவிடலாம் என்பதால், விலை மதிப்புள்ள தட்டில் அதைச் செய்து பார்ப்பது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

விலை என்பது இசையின் பெருமையைப் பொறுத்ததன்று. 1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எத்தனையோ வீடுகளுக்குச் சென்ற தட்டு என்பதாலேயே எளிதில் கிடைக்கிறது. ஆனால் விடியற்காலைதோறும் ஒலித்த தட்டு தேயாமல் இருப்பது அரிது. ஆகவே அதே தட்டில் சுத்தமான படி ஒன்றைக் கண்டெடுப்பதில்தான் தேர்ந்த கண்ணுக்கு வேலை இருக்கிறது. எச்.எம்.வி. நெடுந்தட்டுகளில் ஈ.சி.எல்.பி. என்று தொடங்கும் எண் பெரும்பாலும் மோனோ எனப்படும் ஒற்றைத்தட ஒலியையும், ஈ.சி.எஸ்.டி. என்பது இருதட ஸ்டீரியோவையும் குறிக்கும். ஸ்டீரியோ தட்டை மோனோ ஊசியில் பலகாலம் ஓட்டியிருந்தால் பள்ளச் சுவர்கள் கெட்டிருக்கும் என்பதால், இருதட அச்சை வாங்கும்போது காதால் சோதிப்பது இன்னும் அவசியமாகிறது.

விற்பவர் எழுதும் குறிப்பில் வெரி குட் பிளஸ் என்ற சொல்லைக் காட்டிலும், இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டுத் தொடக்கத்தில் ஆறு சுற்றுகளுக்கு மெல்லிய சொடுக்கு கேட்கும் என்ற ஒரு வரி அதிக மதிப்புடையது. அஞ்சலில் அனுப்பும்போது தட்டை உறைக்குள் விட்டுவிட்டால், பயணத்தில் அது குலுங்கி உறையின் ஓரத்தைப் பிளந்துவிடும். ஆகவே தட்டை உள்தாளோடு வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் தடித்த அட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். அரக்குத் தட்டு கண்ணாடியைப்போல் உடையக்கூடியது என்பதால், அதற்கு நாற்புறமும் மென்மையான திணிப்பு வைத்த இரட்டைப் பெட்டி தேவை.