குரோனினின் ‘சிட்டடெல்’: நோயாளிக்கு இடம் எங்கே?

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பணி செய்பவன் என்பன அவை. இந்நான்கனுள் நோயுற்றவனையே அவர் முதலில் வைத்தார். மருத்துவத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்த எந்த நூலையும் அளந்து பார்க்க இவ்வரிசை நல்லதோர் அளவுகோலாகும்.

ஏ. ஜே. குரோனின் 1937இல் வெளியிட்ட ‘தி சிட்டடெல்’ என்னும் ஆங்கில நாவல் இவ்வளவுகோலால் அளக்கத் தக்கது. பிரிட்டனில் 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவைக்கு மக்கள் மனத்தைப் பண்படுத்தியது இந்நாவலே என்று பலர் போற்றுவர். அப்புகழ் முழுதும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

குரோனின் மருத்துவம் கற்றவர். 1920களில் தெற்கு வேல்ஸில் உள்ள டிரெடிகர் என்னும் சுரங்க நகரில் பணி செய்து, பின்னர் இலண்டனில் தொழில் நடத்தியவர். ஆதலின் கண்டதையே கதையாக்கினார். கதைத் தலைவன் ஆண்ட்ரு மேன்சன் பட்டம் பெற்ற கையோடு சுரங்கப் பள்ளத்தாக்கு ஒன்றிற்கு உதவி மருத்துவனாக வருகிறான். மூத்த மருத்துவர் படுத்த படுக்கையில் கிடக்கிறார். உழைப்பு மேன்சனுடையது; வருவாயில் பெரும்பகுதி அவர் வீட்டாருக்கு. கழிவுநீர்க் குழாய் கசிந்து நச்சுக் காய்ச்சல் பரவுகிறது. அதிகாரிகள் அசையவில்லை. மேன்சனும் அவன் நண்பன் டென்னியும் அக்குழாயை இரவோடிரவாக வெடி வைத்துத் தகர்க்கின்றனர். புதிது கட்டுவதன்றி வேறு வழியில்லாமற் போகிறது. நோயைத் தீர்க்க மருந்துப்புட்டி மட்டும் போதாது என்பதை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

தனியார் மருத்துவத்தின் குறைகளை ஆசிரியர் ஒளிக்கவில்லை. இலண்டனில் மேன்சன் ஒரு மருத்துவத் தொழிலையே விலை கொடுத்து வாங்குகிறான். நோயாளிகளும் அவ்விலைக்குள் அடக்கம். நாளடைவில் இல்லாத நோய்க்குச் செல்வர்களிடம் பணம் பெறவும் கற்றுக்கொள்கிறான். ஐவரி என்னும் நாகரிகமான அறுவை மருத்துவரின் திறமையின்மையால் எளிய கடைக்காரர் ஒருவர் உயிரிழக்கிறார். உண்மை அவர் மனைவியிடமிருந்து மறைக்கப்படுகிறது. அன்றுதான் மேன்சன் கண் விழிக்கிறான்.

பொது மருத்துவத்தின் குறைகளையும் அவர் விட்டுவிடவில்லை. தொழிலாளர் சந்தாவால் நடக்கும் திட்டத்தில் தலைமை மருத்துவர் உதவியாளர்களின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தமக்கென எடுத்துக்கொள்கிறார். நோயில்லாதவன் ஒருவன் நோய்ச் சான்று கேட்கிறான். மேன்சன் மறுக்கவே, சினங்கொண்டு வேறு மருத்துவரை நாடுகிறான். பொதுச் சொத்தைக் காப்பதற்கு நேர்மையும் வேண்டும் என்னும் இவ்வெச்சரிக்கை நடுநிலையானது. பொது மருத்துவத்தை ஆதரிப்போரும் மறக்கக் கூடாதது.

ஆயின், முடிவு என்ன? மேன்சனும் இரு நண்பர்களும் சிறு நகரம் ஒன்றில் கூட்டு மருத்துவமனை அமைக்கப் புறப்படுகின்றனர். மருத்துவன் திருந்தினான், கதையும் நிறைவெய்தியது. மருத்துவனின் கூலியை யார் கொடுப்பது, கொடுக்க இயலாதவன் எங்குச் செல்வது என்னும் வினாக்களோ தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றன. நல்லவன் ஒருவன் கிடைத்தால் போதும் என்பது கதைக்கு அழகாகலாம், நாட்டுக்கு வழியாகாது. நல்லவன் வாராத ஊரிலும் நோய் வருமன்றோ?

அவ்வினாவுக்கு விடை டிரெடிகரிலேயே இருந்தது. 1890இல் அங்குத் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் தோன்றியது. கூலியில் ஒரு பவுண்டுக்கு மூன்று பென்ஸ், அதாவது எண்பதில் ஒரு பங்கு, தந்தவர் குடும்பத்தோடு மருத்துவம் பெற்றனர். 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டமோ தொழிலாளிக்கு மருத்துவர் உதவி தந்து, மனைவியையும் குழந்தைகளையும் விட்டுவிட்டது. டிரெடிகரில் பிறந்து, இளமையில் சுரங்கத்தில் உழைத்த அனுரின் பெவன் 1945இல் சுகாதார அமைச்சரானார். தம் ஊரின் வழியை நாட்டின் வழியாக்க முனைந்தார். மேன்சன் விலை கொடுத்து வாங்கிய பொருள் இனி விற்பனைக்கு உரியதன்று என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நாவல் மருத்துவன் மனச்சான்றில் தேடிய மருந்தை, சட்டம் அமைப்பில் தேடியது.

எதிர்த்தரப்பினர் கூறுவன யாவும் பொய்யல்ல. விலையின்றிக் கிடைப்பது வீணாகும், செலவு பெருகும் என்றனர். 1951இல் பல்வரிசைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவு செய்ய, பெவன் பதவி துறந்தார். செலவு என்பது வெறும் கற்பனையன்று என்பதற்கு இதுவே சான்று. நெடுநாள் காத்திருப்போர் பட்டியல் இன்றும் அச்சேவையின் பெருங்குறையாகவே உள்ளது. எனினும், வரிசையில் நிற்பவனுக்கு முறை வரும் என்னும் நம்பிக்கை உண்டு. பணமில்லாமையால் வாயிலிலேயே திரும்பியவனுக்கு அதுவும் இல்லை. முன்னதைத் திருத்தலாம். பின்னதைத் தாங்குவது எளிதன்று.

நாவலில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. தட்டம்மை கண்ட சிறுவன் ஒருவனின் தம்பியைப் பள்ளியில் வைத்திருந்ததற்காக மேன்சன் ஆசிரியை கிறிஸ்டினைக் கடிந்துகொள்கிறான். அவன் கூறியது சட்டம். வீட்டில் இருந்தால் குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் பால் கிடைக்காதே என்பது அவள் கவலை. நோயுற்றோர் வீட்டின் நிலையை முதலில் வைத்துப் பார்த்தவள் அவளே. அவள் பார்வை நூல் முழுவதும் தொடர்ந்திருக்குமாயின், ‘சிட்டடெல்’ மருத்துவனின் கதையாக மட்டும் நின்றிராது. வள்ளுவர் முதலில் வைத்தவனின் கதையாகவும் உயர்ந்திருக்கும்.