பதினெட்டு வயது மூப்பர்கள்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, தலையில் ஹெல்மெட், கையில் சைக்கிள், எப்போதும் இரண்டு பேர். ஜப்பானிய நகரங்களில் மொர்மோன் ஊழியர்களை அடையாளம் காண இவ்வளவு போதும். பட்டையில் ‘எல்டர்’ என்று இருக்கும். மீசை சரியாக அரும்பாத பையனுக்கு மூப்பர் பட்டம் கொஞ்சம் பெரிதுதான். ஆனாலும் அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள்கூட அவனுடைய உழைப்பைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்களை அனுப்பும் சபையின் முழுப்பெயர். ஆண்களுக்கு 24 மாத ஊழியம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபரில் ஆண்களின் தொடக்க வயதை 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் சபை குறைத்தது. சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து போகும் ஊழியர், அல்லது அவர் குடும்பம், மாதம் 400 டாலர் கட்டிக்கொண்டிருந்தது. 2020 முதல் 500. எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சபைத் தலைமைதான் சொல்லும். ஜப்பான் என்று அழைப்பு வந்தால் ஜப்பான். இரண்டு, இரண்டரை மாதம் ஜப்பானிய மொழிப் பயிற்சி, பிறகு விமானம்.

இந்த ஊழியத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் போகிறவனைச் சுற்றியே நடக்கிறது. ஆதரிப்பவர்கள் ‘பையனாகப் போனான், ஆளாகத் திரும்பினான்’ என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் மூளைச்சலவை என்கிறார்கள். இரு தரப்பும் கதவைத் தட்டியவனையே பார்க்கின்றன. கதவைத் திறந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் இந்த ஏற்பாட்டின் எடை தெரியும். ஊழியம் என்ற சொல்லே அடுத்தவருக்குச் செய்வதைத்தானே குறிக்கிறது.

கட்டுப்பாடுகளை முதலில் பேசி முடித்துவிடலாம். ஆறரைக்கு எழ வேண்டும், பத்தரைக்குப் படுக்க வேண்டும் என்பது நெடுங்கால அட்டவணை. தோழரை விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது. காதலுக்கும் பொழுதுபோக்குக்கும் இடமில்லை. துணி துவைக்க, காய்கறி வாங்க, வீட்டுக்கு எழுத வாரத்தில் ஒரு நாள். அம்மாவின் குரலைக் கேட்பதே ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் என்று இருந்தது; 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேசலாம் என்றார்கள். அந்தப் பழைய விதி தேவையற்ற கொடுமை. அது போனதால் ஊழியம் ஒன்றும் குலைந்துவிடவில்லை என்பதே அதற்குச் சாட்சி. மற்ற விதிகளைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. தானாக முன்வந்து ஏற்கும் ஒழுங்கு எந்தத் துறவு மடத்திலும் உண்டு. ‘தானாக’ என்பதில்தான் சிக்கல். பெண்களுக்கு விருப்பம், தகுதியுள்ள ஆண்களுக்குக் கடமை என்பது சபையின் நிலை. அப்படிப்பட்ட சமூகத்தில் போகாமல் நின்ற பையனுக்கும் பாதியில் திரும்பிய பையனுக்கும் கிடைக்கும் பார்வையை விளக்க வேண்டியதில்லை.

இனி ஜப்பான். 1901 ஆகஸ்டில் சபையின் மிஷனைத் தொடங்க ஹீபர் ஜே. கிராண்ட் மூன்று உதவியாளர்களோடு யோகஹாமாவில் இறங்கினார். அவர்களில் ஆல்மா டெய்லருக்கு வயது 19. கிராண்டுக்கு மொழி பிடிபடவில்லை, ஊர் பிடிபடவில்லை. தன்னை வேறு இடத்துக்கு அழைத்துக்கொள்ளும்படி இறைவனை வேண்டியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். விரல்விட்டு எண்ணும் ஞானஸ்நானங்களோடு 1903இல் கிளம்பினார். டெய்லர் தங்கிவிட்டார். 1910 வரை இருந்து, மொர்மோன் நூலை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்து, அது 1909இல் அச்சானதையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். 1924இல் அந்த மிஷன் மூடப்பட்டது. மூடியவர் அப்போது சபைத் தலைவராக இருந்த அதே கிராண்ட். இருபத்து மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் இருநூறு பேரை எட்டவில்லை.

ஏன் என்று ஆராய்ந்தவர்களில் ரீட் நீல்சன் முக்கியமானவர். 2010இல் வந்த அவருடைய நூல் சபைக்கு உள்ளிருந்தே வந்த விமர்சனம் என்பதால் அதற்குக் கூடுதல் எடை. கிறிஸ்துவை ஏற்கெனவே அறிந்த அமெரிக்க, ஐரோப்பிய மக்களுக்காக உருவான முறையை, பௌத்தமும் ஷிண்டோவும் வேரோடிய மண்ணில் மாற்றாமல் நட்டதுதான் பிழை என்பது அவர் வாதம். வீடுவீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்து ‘உங்கள் சபை வழிதவறிவிட்டது’ என்று வாதிட, எதிரில் ஏதாவது ஒரு சபை இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு முன்பே புராட்டஸ்டண்டுகள் வேறு வழியில் போயிருந்தார்கள். 1859இல் வந்த மருத்துவர் ஹெப்பர்ன் நோயாளிகளைப் பார்த்தார், அகராதி தொகுத்தார். 1875இல் நீஜிமா கியோட்டோவில் தொடங்கிய பள்ளி இன்று தோஷிஷா பல்கலைக்கழகம். அவர்களாலும் ஜப்பானை மதம் மாற்ற முடியவில்லை. இன்றும் அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றில் ஒருவர் அளவுதான். ஆகவே மதம் மாறியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மொர்மோன்களைத் தோற்றவர்கள் என்பது நியாயமாகாது. ஆனால் மற்றவர்கள் விட்டுச்சென்றதில் மதம் மாறாத ஜப்பானியருக்கும் பங்கு இருந்தது. மொர்மோன் ஊழியர்கள் மதத்துக்கு வெளியே பெரும்பாலும் கொடுத்தது இலவச ஆங்கில வகுப்பு. அது நல்ல காரியம். நூறாண்டு உழைப்புக்கு அது போதாது.

போருக்குப் பின் 1948இல் மிஷன் மீண்டும் திறந்தது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் சபையின் அரங்கைப் பார்க்க அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 1980இல் தோக்கியோவில் ஆசியாவின் முதல் மொர்மோன் ஆலயம் எழுந்தது. அந்த வளர்ச்சி மயக்கத்தில்தான் தென் தோக்கியோ மிஷனின் விவகாரமும் நடந்தது. ரயில் நிலைய வாசலில் இளைஞர்களை நிறுத்திப் பேசி, சில நாட்களுக்குள் ஞானஸ்நானம் கொடுத்து, மாதக் கணக்கைப் பெருக்கினார்கள். தாங்கள் ஒரு சபையில் உறுப்பினராகிவிட்டோம் என்பதையே பலர் உணரவில்லை. பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. பெயர்கள் மட்டும் பதிவேட்டில் தங்கின. அவர்களைத் தேடி அலையும் வேலை உள்ளூர் ஜப்பானிய உறுப்பினர் தலையில் விழுந்தது. எண்ணிக்கையைக் கூட்டிய அமெரிக்கப் பையன்கள் அதற்குள் ஊர் திரும்பிக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள்.

அந்த வேகத்தைச் சபை பின்னர் கைவிட்டது உண்மை. ஆனால் அதைச் சாத்தியமாக்கிய அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். சிலர் அதே ஊரில் சில மாதம் நீடிப்பார்கள், சிலர் உடனே மூட்டை கட்டுவார்கள். மிஷன் தலைவர் கையில் ஊழியர்கள் சதுரங்கக் காய்கள். காயைப் பொறுத்தவரை இது பயிற்சி: புதிய ஊர், புதிய தோழன், புதிய பாடம். எதிரில் இருப்பவரை யோசித்துப் பாருங்கள். தனியாக வாழும் ஒரு மூதாட்டி, அல்லது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே யாரோடும் பேசாத ஓர் இளைஞர். கதவைத் திறந்ததே அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துத்தான், கோட்பாட்டைப் பார்த்தல்ல. ஞானஸ்நானம் எடுத்ததும் அவன் இல்லை. அவன் இடத்தில் அதே சட்டை, அதே டை, வேறு பெயர். நட்பை வாசலாக வைத்து அழைத்துவிட்டு, உள்ளே வந்தபின் நட்பை எடுத்துவிடுவது திட்டமிட்ட வஞ்சகம் இல்லை. விளைவு மட்டும் ஏறக்குறைய அதுதான்.

எதிர்வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஹொக்கைடோவில் பிறந்து, போரில் தந்தையை இழந்த யோஷிஹிகோ கிகுச்சி, கதவு தட்டிய ஊழியர்களால் பதின்வயதில் சபைக்கு வந்தவர். 1977இல் சபையின் பொது அதிகாரிகளுள் ஒருவரான முதல் ஜப்பானியர். அவரைப் போல வாழ்க்கை முழுதும் நிலைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஊழியத்துக்குப் போகிறார்கள். எனவே ‘ஒன்றும் விளையவில்லை’ என்பவர்கள் ஜப்பானிய மொர்மோன்களையே கணக்கில் எடுக்காதவர்கள். அது ஒருவகை அலட்சியம்.

ஆனால் ஜப்பானியப் பிள்ளைகளின் ஊழியத்தைப் பார்த்தால் இன்னொரு ஏற்றத்தாழ்வு தெரிகிறது. யூட்டா இளைஞனுக்குச் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இடத்தைக் காத்து வைக்கும். திரும்பியதும் ஊரே மெச்சும். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் படிப்பு முடிக்கும் மாணவர்களை ஆண்டுக்கொருமுறை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. அங்கே இரண்டாண்டு இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும், அதுவும் மதத்தின் பெயரில். தென்கொரியப் பையனுக்கோ கட்டாய ராணுவச் சேவை வேறு. ஒரே 24 மாதம்தான், விலை மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

பயன் யாருக்கு என்று தேடினால் பட்டியல் அமெரிக்கப் பக்கம் சாய்கிறது. கொரியாவில் ஊழியம் செய்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் ஹார்வர்டின் புகழ்பெற்ற பேராசிரியரானார். அதே கொரியாவுக்குப் போன பிராண்டன் சாண்டர்சன் இன்று உலகம் வாசிக்கும் நாவலாசிரியர். தைவானில் சீனமொழி கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன் 2009இல் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானார். ஜப்பானுக்கு ஊழியராக வந்த கென்ட் கில்பர்ட், 1980களில் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் பிரபல முகம். இவர்கள் திறமைசாலிகள், எல்லாவற்றையும் ஊழியத்தின் கணக்கில் எழுத முடியாது. என்றாலும் அந்நிய மொழியில் நாளெல்லாம் மறுக்கப்பட்டு, மறுநாளும் சைக்கிளை எடுக்கும் பழக்கத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தருவதில்லை.

ஜப்பானின் காற்றும் மாறிவிட்டது. 1995இல் ஓம் சின்ரிக்யோ என்ற மதக்குழு நடத்திய விஷவாயுத் தாக்குதலுக்குப் பின் ‘மதம்’ என்றாலே ஓரடி பின்வாங்கும் சமூகம் அது. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டதும், கொலையாளியின் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்திய ஒருங்கிணைப்புச் சபையின் பக்கம் கோபம் திரும்பியது. மிரட்டி நன்கொடை கறப்பதைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டு டிசம்பரிலேயே வந்தது. 2025 மார்ச்சில் அந்தச் சபையைக் கலைக்க தோக்கியோ நீதிமன்றம் உத்தரவிட்டது. மொர்மோன்களை இதோடு சேர்த்துக் கட்டுவது தவறு. ஆயினும் இன்டர்காமில் முகம் பார்ப்பவருக்கு அந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. வீட்டுவாசல் அணுகுமுறை இன்று பயனற்றது மட்டுமல்ல, பையன்களையே வீண் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது.

ஆக, என் தீர்ப்பு இது. இளைஞர்களை உருவாக்கும் பயிற்சியாக இந்த ஊழியம் உயர்ந்த தரம். ஜப்பானுக்குச் செய்யும் தொண்டாகப் பார்த்தால், கொடுத்ததைவிடப் பெற்றது அதிகம். குற்றம் பையன்களிடம் இல்லை, அவர்களை நிலையில்லாமல் சுழற்றும் அமைப்பில். ஆறு வாரச் சுழற்சியை நிறுத்தி, ஒருவரை ஒரே ஊரில் முழுக் காலமும் வைத்து, முதியோர் இல்லத்திலோ வயல்வேலையிலோ பாதி நேரத்தைச் செலவிடச் சொன்னால் ஞானஸ்நானக் கணக்கு குறையலாம். டெய்லர் தங்கினார், ஒரு நூல் பிறந்தது. கிராண்ட் கிளம்பினார், மிஷனை மூடினார். சபை தன் வரலாற்றிலிருந்தே கற்றுக்கொள்ள இது போதும்.

ஜப்பானில் சுமார் 1,30,000 உறுப்பினர் என்கிறது சபையின் அதிகாரபூர்வக் கணக்கு. ஞாயிறன்று ஆராதனைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அது வெளியிடுவதில்லை. அந்த எண்ணை வெளியிட்டு, அதுவும் முதல் எண்ணுக்கு அருகில் இருந்தால், மேலே சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுவேன்.