இப்னு பதூதாவும் யமுனை நீர்ச்சோதனையும்

இப்னு பதூதாவின் பயண நூலை வரலாற்று ஆவணமாகப் போற்றுவோர் பலர். அதில் அவர் எதைக் கண்டித்தார், எதைக் கண்டிக்காது விட்டார் என ஆராய்வோர் சிலரே. டில்லியில் மாலிகி காழியாகப் பதவி வகித்த அவர் கூறும் நிகழ்ச்சியொன்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

சுல்தான் முகம்மது பின் துக்ளக் தெலுங்கு நாட்டுக்குச் சென்றிருந்த வேளை. தலைநகரில் கடும் பஞ்சம். ஏழைகள் 500 பேரைப் பேணும் பொறுப்பு இப்னு பதூதாவிடம் இருந்தது. ஒருநாள் ஒரு பெண்ணை அவர்முன் கொணர்ந்தனர். அவள் 'கஃப்தார்' எனும் சூனியக்காரி என்றும், ஒரு சிறுவனின் இதயத்தைத் தின்றவள் என்றும் பழி சுமத்தினர். சிறுவனின் சடலமும் உடன் வந்தது. காழி அவளைச் சுல்தானின் பிரதிநிதியிடம் அனுப்பினார். நீர் நிறைந்த நான்கு குடங்களைக் கைகால்களில் கட்டி அவளை யமுனையில் எறிந்தனர். மூழ்கியிருப்பின் குற்றமற்றவள், அவளோ மூழ்கவில்லை. எரித்துக் கொன்றனர். சாம்பலையும் மக்கள் காப்புக்கென அள்ளிச் சென்றனர்.

கிணற்றில் நீரிறைத்தோர் அறிவர்: நீருக்குள் இருக்கும்வரை நிறைகுடம் கனப்பதில்லை. பஞ்சத்தில் ஒரு பிள்ளை மடியச் சூனியமும் வேண்டுவதில்லை. இச்சோதனை வழக்கம் இந்நாட்டில் பழையது. நஞ்சருந்தச் செய்து உண்மை காணும் முறையை 1030 அளவிலேயே அல்பிரூனி பதிவு செய்துள்ளார். ஆயினும், வழக்குரைப்பவரே சான்று காட்ட வேண்டும், மறுப்பவருக்குச் சத்தியமே போதும் என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. அதனைக் காழி அறியாதவர் அல்லர்.

தீர்ப்பளித்தவர் அவரல்லரே எனலாம். ஆனால் ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து, 1355இல் நிறைவெய்திய நூலிலும் அப்பெண்ணுக்காக ஒரு சொல் இல்லை. அதே நூலில், மஅபரை ஆண்ட கியாதுத்தீன் சிறைப்பட்ட பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதை அவர் கடுமையாகக் கண்டிக்கின்றார். அம்மஅபர் ஆட்சியின் சுவடுகள் நம் புதுக்கோட்டை மண்ணில் ராங்கியம், பனையூர்க் கல்வெட்டுகளில் எஞ்சியுள்ளன.

மன்னனின் வெறியில் கொடுமையைக் கண்ட கண், விசாரணையின் வேடம் பூண்ட கொடுமையைக் காணவில்லை. இதுவே நம் விமர்சனம். களவு போனால் வெற்றிலையில் மை தடவிக் கள்வனைக் 'காணும்' வழக்கத்தை நம் சிற்றூர்களும் அறியும். மையில் பெயர் தோன்றியவர் தம் குற்றமின்மையை எவ்வாறு மெய்ப்பிப்பார்? சான்று கேளாத சோதனை எதுவாயினும், அதன் முன் நிற்பவர் யமுனைக் கரையில் நின்ற அப்பெண்ணே ஆவார்.