கழிவு என்று யார் சொன்னது?

'வேளாண் கழிவு' என்ற சொல்லை முதலில் விசாரிக்க வேண்டும். உமி, வைக்கோல், கடலைத்தோல், பருத்திமார், தென்னம்பாளை, பன்னாடை என ஒவ்வொன்றுக்கும் அடுப்படிப் பெண்கள் தனிப்பெயரும் தனிவேலையும் வைத்திருந்தார்கள். பன்னாடை தீ மூட்ட, மட்டை நின்றெரிய, உமி நெடுநேரம் கனல. அடுப்பின் நடுவே கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கெட்டித்து, கட்டையை உருவினால் காற்றுக்கு வழி கிடைக்கும். இது ஒரு தொழில்நுட்பம். 'கழிவு' என்றதும் அந்த அறிவும், பொறுக்கிக் காயவைத்துக் கட்டிச் சுமந்த உழைப்பும் காணாமல் போகின்றன.

விறகை விட்டுக் கழிவை எரித்தால் காடு பிழைக்கும் என்கிறார்கள். பிழைக்கட்டும். எரிப்பவள்? அதே திறந்த அடுப்பில் வைக்கோலும் மாரும் காய்ந்த விறகைவிட அதிகம் புகைகின்றன. சட்டென எரிந்து தீர்வதால் அடுப்பைவிட்டு அவள் நகரவும் முடியாது. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மரங்களை எண்ணும் கணக்கில் நுரையீரலுக்கும் ஒரு பத்தி வேண்டாமா?

அத்திப்பட்டிலிருந்து பார்த்தால் இந்த அரசியல் இன்னும் துலங்கும். 1994 முதல் இங்கே வடசென்னை அனல்மின் நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகம்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. நிலக்கரி மின்நிலையங்கள் வேளாண் எச்ச வில்லைகளை 5 விழுக்காடு கலந்து எரிக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் கொள்கை வகுத்தது. அதே எச்சம் கொதிகலனில் எரிந்தால் 'பசுமை ஆற்றல்', பெண்ணின் அடுப்பில் எரிந்தால் 'பின்தங்கிய எரிபொருள்'. பொருள் மாறவில்லை, எரிப்பவர்தான் மாறுகிறார்.

அதற்காகப் பழைய அடுப்பைப் போற்றிப் பாட முடியாது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் பெண்ணின் பெயரிலேயே எரிவாயு இணைப்பைக் கொடுத்தது, நல்ல தொடக்கம்தான். ஆனால் அடுத்த சிலிண்டருக்கான பணம் அவள் கையில் இல்லாத வீட்டில் சுள்ளிக்கட்டு திரும்பவும் அடுப்படிக்கு வருகிறது. உமியை வில்லையாக்கி, காற்று ஊதும் அடுப்பில் எரித்தால் புகை வெகுவாகக் குறையும். அந்த அடுப்பின் விலையை யார் தருவது என்பதில்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். எரிபொருள் பற்றிய எந்தத் திட்ட அறிக்கையைப் படித்தாலும் இரண்டு கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: சேகரிப்பவளுக்குக் கூலி உண்டா? புகை யார் மூச்சில் போகிறது?