மாடியறையும் கீழ்த்தளமும்

பத்தொன்பது வயதில் எனக்குப் பிடித்த ஜாஸ் பதிவுகள் என்று ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதி வைத்திருந்தேன். காடாம்புலியூரில் எங்கள் தெருவில் ஜாஸ் கேட்டவள் அநேகமாக நான் ஒருத்திதான். டிவியில் ‘டூயட்’ படம் பார்த்து, அதில் கத்ரி கோபால்நாத் வாசித்த சாக்ஸபோனில் சொக்கி, அந்தக் கருவியைத் தேடிப் போனதில் மைல்ஸ் டேவிஸும் ஜான் கோல்ட்ரேனும் கிடைத்தார்கள்.

அண்மையில் அந்த நோட்டு கையில் அகப்பட்டது. பத்தில் ஒன்பது ஆண்களின் பதிவுகள். மீதி ஒன்று, பில்லி ஹாலிடே 1939இல் பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. என் ஜாஸில் பெண் இருந்தாள், ஆனால் பாடிக்கொண்டு மட்டும் இருந்தாள். அவள் கையில் கருவி இல்லை. அந்தப் பாட்டைக்கூட நான் ஒரு துயரக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்லை வைத்து, கேட்பவரைக் காத்திருக்க வைக்கும் பில்லியின் கணக்கு என் காதில் விழவில்லை. ஆண் வாசித்தால் மேதைமை, பெண் பாடினால் பட்ட துன்பம். இந்தப் பிரிவினையை யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. நான் பார்த்து எழுதிய பட்டியல்களோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

பட்டியலில் முதலிடம் கோல்ட்ரேனின் ‘அ லவ் சுப்ரீம்’. 1964 டிசம்பரில் பதிவானது. நான்கு ஆண்கள், ஏறக்குறைய 33 நிமிடங்கள். அது பிறந்த கதையை ஜாஸ் ரசிகர்கள் பக்தியோடு சொல்வார்கள். நியூயார்க்கை அடுத்த டிக்ஸ் ஹில்ஸ் வீட்டின் மாடியறையில் கோல்ட்ரேன் சில நாட்கள் தனித்திருந்தார். முழு இசையும் மனதில் உருவான பிறகு, மலையிலிருந்து இறங்கிய மோசேயைப் போலப் படியிறங்கி வந்தார். இந்தக் கதையை உலகுக்குச் சொன்னவர் ஆலிஸ் கோல்ட்ரேன். அப்போது அவர் கீழே இருந்தார், கைக்குழந்தையோடு.

நானும் அந்தக் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் மாடியறையில்தான் இருந்தேன். கீழே இருந்த பெண் டெட்ராய்ட்டில் வளர்ந்த பியானோ கலைஞர், டெர்ரி கிப்ஸின் குழுவில் வாசித்தவர் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சில நாட்களில் அவர் பியானோவைத் தொட்டாரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கோல்ட்ரேன் 1967இல் இறந்தார். ஆலிஸுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. நான்கு குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அவர் தன் பெயரில் இசைத்தட்டுகள் வெளியிடத் தொடங்கினார். ஹார்ப் வாசித்தார். 1971இல் வந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வின் பெரும்பகுதி அதே டிக்ஸ் ஹில்ஸ் வீட்டில் பதிவானது, கீழ்த்தளத்தில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில். அதன் முதல் பாட்டில் தம்பூரா மீட்டிக்கொண்டிருக்க, செசில் மெக்பீயின் பாஸ் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதன்மேல் ஹார்ப் கொட்டுகிறது. ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் வருகிறது, பேசுகிறது, ஒதுங்குகிறது. சாக்ஸபோனைப் பின்தொடர்ந்தே ஜாஸ் கேட்டுப் பழகிய எனக்கு, அது ஒதுங்கிய பிறகும் இசை முழுதாக இருந்தது புது அனுபவம்.

தலைப்பில் உள்ள சச்சிதானந்தர் நம் கோவைப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். கணவரின் நிழலிலிருந்து வெளியே வந்தவர் ஒரு குருவின் நிழலுக்குப் போனாரா என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பெயர் குருவினுடையது என்பது உண்மைதான். ஆனால் இசையமைப்பு ஆலிஸுடையது, குழுவை நடத்தியவரும் அவரே. பின்னாளில் கலிஃபோர்னியாவில் தானே ஓர் ஆசிரமத்தை நிறுவித் தலைமையேற்றார். இதையெல்லாம் ஜாஸ் உலகம் எளிதில் ஏற்கவில்லை. கணவரின் பழைய பதிவுகளோடு வயலின் குழுவைச் சேர்த்து 1972இல் ‘இன்ஃபினிட்டி’யை வெளியிட்டபோது விமர்சகர்கள் கொதித்தார்கள். கணவரின் நினைவைக் காக்கலாம், அவர் இசையில் கைவைக்கக் கூடாது! கைம்பெண்ணுக்கு அங்கேயும் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார்கள்.

மனைவி என்ற சொல்லுக்குள் காணாமல் போனவர் அவர் மட்டுமல்ல. 1925இல் தொடங்கிய லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ பதிவுகளில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். கிங் ஆலிவரின் குழுவை விட்டு வெளியே வரும்படி ஆம்ஸ்ட்ராங்கை உந்தியவரும் அவர்தான். 1971இல் ஆம்ஸ்ட்ராங் இறந்த அடுத்த மாதம், சிகாகோ நினைவுக் கச்சேரியில் வாசித்துக்கொண்டிருந்தபோதே லில் சரிந்து விழுந்து இறந்துபோனார். அந்தப் பதிவுகளில் ஒன்று என் பட்டியலில் இருந்தது. எதிரே நான் எழுதியிருந்தது ஆம்ஸ்ட்ராங் பெயரை மட்டும்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவை மட்டும் குறை சொல்ல வேண்டாம். நம் மண்ணில் மூச்சால் வாசிக்கும் பெருங்கருவி நாகசுரம். அதை ஒரு பெண் வாசிப்பதே அரிதாக இருந்த காலத்தில் கோயில்களிலும் திருவிழாக்களிலும் வாசித்தவர் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய். கணவர் இறந்ததும் அவர் வாசிப்பு நின்றுபோனது. மங்கல வாத்தியத்தைக் கைம்பெண் எடுக்கலாமா என்று கேட்கிற ஊர் இது. ஆலிஸ் எந்த வயதில் தொடங்கினாரோ அந்த வயதில் இங்கே இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். 2012இல் பொன்னுத்தாய் மறைந்தார். இன்று காலீஷாபி மெஹபூப் தன் கணவரோடு சமமாக அமர்ந்து நாகசுரம் வாசிக்கிறார். 2020இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மாற்றம்தான். ஆனால் பொன்னுத்தாய் வாசிக்காமல் இருந்த ஆண்டுகளின் இசை எந்த இசைத்தட்டிலும் கிடைக்காது.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அ லவ் சுப்ரீம்’ கேட்க எனக்கு 33 நிமிடங்கள் தேவைப்பட்டன. அறைக்கதவைச் சாத்தி, காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன். அந்நேரம் அம்மா முந்திரி உடைத்துவிட்டு வீடு திரும்பியிருப்பாள். ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரல்களால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். “படிக்கிற பிள்ளை” என்று என்னைக் கூப்பிட மாட்டாள். நானும் ஒரு மாடியறையில்தான் இருந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த அந்த நேரம் அவளுடைய நேரம்.

ஆகவே ஒன்பது ஆண்களை அடித்துவிட்டு ஒன்பது பெண்களை எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. ‘அ லவ் சுப்ரீம்’ இன்னும் என் பட்டியலில் இருக்கிறது. அதை எப்போதும்போல நேசிக்கிறேன். அதன் எதிரே, கீழே யார் இருந்தார்கள் என்பதையும் எழுதிவிட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். பாத்திரங்களை நான் தேய்த்தேன்.

“தம்பூரா மாதிரி கேக்குதே, யாரு வாசிக்கிறது?” என்றாள்.

“தம்பூரா வேற ஆளும்மா. இந்த அருவி மாதிரி கொட்டுது பாரு, அதை ஒரு அம்மா வாசிக்கிறாங்க. பாட்டும் அவங்க போட்டதுதான்.”

“புள்ளைங்க இருக்கா?”

“நாலு. வீட்டுக்காரர் இறந்துட்டார்.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எந்த ஜாஸ் புத்தகத்திலும் நான் பார்த்திராத கேள்வியைக் கேட்டாள்:

“அப்போ இதையெல்லாம் எந்த நேரத்துல வாசிச்சுது அது?”